உறக்கத்தில் திடுக்கிட்ட பிள்ளைகள்

போர்னியோத் தீவின் உட்காடுகளில் தோன்றித் தென்சீனக் கடலில் கலக்கும் ரெஜாங், மலேசிய நாட்டின் மிக நீண்ட ஆறாகும். அதன் கரையில் அமைந்த சிபு நகரம் மரவணிகத்தாலும் படகுப் போக்குவரத்தாலும் வளர்ந்தது. சீனரும் இபான் மக்களும் மெலனாவ் மக்களும் மலாய்க்காரரும் கலந்து வாழும் ஊர் அது. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்குள்ள சிறு பிள்ளைகளிடையே ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. வாயினுள் சிறு புண்கள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த கொப்புளங்கள், பால் குடிக்க மறுத்து அழுதல் ஆகியவையே அதன் அடையாளங்கள். கை, கால், வாய்ப்புண் நோய் என்று அது அழைக்கப்படுகிறது. 1957ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோவிலும் 1959இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பரவியபோது மருத்துவ ஏடுகளில் இடம்பெற்ற இந்நோய், ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும் எளிய நோயென்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பெற்றோரும் மருத்துவரும் அஞ்சத் தக்கதாக அதில் எதுவும் இருந்ததில்லை.

சரவாக்கில் அவ்வாண்டு அந்த நம்பிக்கை உடைந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் 29 பிள்ளைகள் இறந்தனர். அனைவரும் ஆறு வயதை எட்டாதவர்கள்; அவர்களுள் பாதிப்பேர் ஒன்றரை வயதைத் தாண்டாதவர்கள். நோய் தொடங்கும் முன்னர் எந்தக் குறையுமின்றி ஓடியாடித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். இரண்டொரு நாள் காய்ச்சலுக்குப்பின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது பலருக்கு உடல்நிலை அத்துணை மோசமாகத் தோன்றவில்லை. ஆயினும் அவர்களுள் பாதிப்பேருக்கு மருத்துவமனையில் சேர்ந்த 9 மணி நேரத்திற்குள் இதயமும் மூச்சும் நின்றுபோயின. காலையில் தாயின் மடியில் வந்த பிள்ளை மாலையில் இல்லை. மூவரில் ஒருவருக்கு வாய்ப்புண்கூடக் காணப்படவில்லை என்பதால், எந்தக் காய்ச்சல் சாதாரணமானது, எந்தக் காய்ச்சல் கொல்வது என்று பிரித்தறிய எவருக்கும் வழி தெரியவில்லை.

மருத்துவர்களின் ஐயம் முதலில் இதயத்தின்மேல் விழுந்தது. அதில் வியப்பில்லை. ஒலியலைக் கருவிகொண்டு இதயத்தைப் படம்பிடித்துப் பார்த்த 24 பிள்ளைகளிடமும் இடக்கீழ் இதயவறை சோர்ந்து, இரத்தத்தைத் தள்ள வலுவின்றிக் கிடந்தது. ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டோருள் 17 பேரின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. குடல்வழிப் பரவும் நச்சுக்கிருமிகளின் குடும்பத்தில் காக்சாக்கி பி என்னும் பிரிவு பச்சிளம் பிள்ளைகளின் இதயத்தசையைத் தாக்கவல்லது என்பது முன்பே அறியப்பட்ட செய்தி. எனவே இதயத்தசை அழற்சியே மரணத்திற்குக் காரணம் என்று எண்ணுவது இயல்பாயிற்று. அதற்கேற்பவே மருத்துவமும் நடந்தது. இரத்த அழுத்தம் வீழ்ந்த பிள்ளைக்கு நரம்பின்வழி நீர் ஏற்றுவது எங்கும் நடைபெறும் முதல் உதவி. இந்நோயிலோ அவ்வாறு ஏற்றப்படும் நீர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் நுரையீரலில் போய்ச் சேரக்கூடியது.

உடற்கூறாய்வே மாற்றுக் கதையைச் சொல்லிற்று. பிள்ளையை இழந்து நிற்கும் பெற்றோரிடம் அந்த உடலை அறுத்துப் பார்க்க இசைவு கேட்பது எளிய செயலன்று. அந்த இசைவை அளித்தோரின் பெருந்தன்மையால்தான் பின்வந்த அறிவெல்லாம் பிறந்தது என்பதை மறக்கலாகாது. பத்துப் பிள்ளைகளின் இதயத்தசை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராயப்பட்டது. பத்தும் பழுதற்றிருந்தன. அழற்சியில்லை, அழிவில்லை. ஐந்து பிள்ளைகளின் மூளை, தண்டுவடப் பகுதிகள் கிடைத்தன. அவற்றில் அழற்சி தென்பட்டது. மூளைத்தண்டு கிடைத்ததோ இரண்டே பிள்ளைகளிடமிருந்து. அவ்விரண்டிலும் நரம்பணுக்கள் பரவலாகச் சிதைந்து மடிந்திருந்தன. இதயம் நின்றது உண்மை. நுரையீரலில் நீர் கோத்தது உண்மை. ஆனால் அவை தாமே நோயுற்று நிற்கவில்லை. அவற்றை ஆளும் இடம் எரிந்துபோனதால் நின்றன. குற்றம் ஓரிடத்தில் நடக்க, அதன் அடையாளம் வேறோரிடத்தில் தென்பட்டது.

ஆளும் இடம் எது என்பதை அறிய மனிதர்க்கு நெடுங்காலம் ஆயிற்று. 1812ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லெகலுவா, முயல்களைக்கொண்டு செய்த ஆய்வுகளின்வழி, மூச்சு விடுதல் என்னும் செயல் முழு மூளையையும் நம்பி நடப்பதன்று, முகுளத்திலுள்ள ஒரு சிறு பகுதியைச் சார்ந்தே நடக்கிறது என்று காட்டினார். முகுளம் என்பது மூளைத்தண்டின் கடைப்பகுதி; தண்டுவடத்தோடு மூளையை இணைக்கும் கழுத்து எனலாம். விரலளவேயுள்ள அவ்விடத்தில் மூச்சு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றின் கடிவாளங்களும் ஒருங்கே பிடிக்கப்பட்டுள்ளன. 1898இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி, மனத்தின் ஆணைக்குக் காத்திராமல் தாமே இயங்கும் நரம்புகளுக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். அதில் இரு கூறுகள் உண்டு. பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும், இரத்தக் குழாய்களை இறுக்கும், வியர்வையைப் பெருக்கும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தை அமைதிப்படுத்தும், குடலை இயக்கும். புலியைக் கண்டவன் ஓடுவதற்கு முன்னரே அவன் நெஞ்சு படபடப்பது முன்னதன் வேலை. உண்டபின் உறங்குபவனின் நாடி தணிவது பின்னதன் வேலை. நலமுள்ள உடலில் இரண்டும் தராசின் இரு தட்டுகள்போல் அசைந்தவண்ணம் இருக்கும். தராசின் முள் நிற்கும் இடம் மூளைத்தண்டு.

அந்த முள்ளை ஒரு நச்சுக்கிருமி ஒடித்துவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு இளம்பிள்ளைவாதத்தின் வரலாற்றிலேயே சான்று இருந்தது. 1952ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் அந்நோய் கடுமையாகப் பரவியது. கைகால்களை மட்டுமன்றிப் பலரின் முகுளத்தையும் அது தாக்கிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் இயந்திரத்தால் மூச்சளிக்கப்பட்ட 31 நோயாளருள் 27 பேர் இறந்தனர். இறப்பதற்கு முன் அவர்களுடல் வியர்த்துக் கொட்டியது, இரத்த அழுத்தம் ஏறியது, காய்ச்சல் உயர்ந்தது. மூளை முற்றும் நோய்வாய்ப்பட்டதன் அடையாளம் இது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே அங்கிருந்தோர் கருதினர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து மருத்துவர் ஒருவரே அதனை மறுத்தார். போதிய மூச்சின்றிக் கரியமிலவாயு உடலில் தேங்கியதால்தான் வியர்வையும் அழுத்தமும் என்பது அவர் வாதம். ஆகஸ்டு 27ஆம் நாள், சாகும் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளுக்கு மூச்சளித்துக் காட்டினார். வியர்வை நின்றது, அழுத்தம் இறங்கியது, அவள் பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் அமர்ந்து, நோயாளரின் மூச்சைத் தங்கள் கைகளால் இயக்கினர். இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அந்த இரப்பர்ப் பைகளில் இருக்கிறது.

கோப்பன்ஹேகன் கதை சிபுவின் கதைக்கு நேர்மாறானது என்பதே அதனை ஈண்டுக் குறிப்பிடக் காரணம். அங்கே மூச்சுக் குறைவால் வந்த வியர்வையையும் அழுத்தத்தையும் மூளையின் பழுதென்று எண்ணினர். இங்கே மூளையின் பழுதால் வந்தவற்றை இதயத்தின் பழுதென்று எண்ணினர். தானியங்கு நரம்புகளின் மொழி அத்தகையது. காரணம் எதுவாயினும் அவை அதே சில சொற்களையே பேசுகின்றன. துடிப்பு, வியர்வை, அழுத்தம், குளிர்ந்த கைகால். கேட்பவரே பொருளைக் கண்டுகொள்ள வேண்டும்.

சிபுவில் பரவிய கிருமியின் பெயர் எண்டெரோவைரஸ் 71. குடல்வழி நச்சுக்கிருமிகளுக்குத் தனிப்பெயர் சூட்டுவதைக் கைவிட்டு, கண்டறிந்த வரிசைப்படி எண்ணிட்டு வழங்கிய காலத்தில் அதற்கு அந்த எண் வாய்த்தது. 1969ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், மூளையழற்சியுற்ற ஒன்பது மாதக் குழந்தையொன்றிடமிருந்து அது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. செய்தி 1974இல் வெளிவந்தது. அது பிறந்தபோதே மூளையோடு தொடர்புடையதாகப் பிறந்தது எனலாம். 1975இல் பல்கேரியாவில் இளம்பிள்ளைவாதம் போன்றதொரு நோய் பரவி 44 பேர் இறந்தனர். அந்நாட்டில் தடுப்பு மருந்து ஏற்கெனவே வழக்கிலிருந்தமையால் மீண்டும் அந்நோய் எப்படி வந்தது என்று திகைத்தனர். மாஸ்கோவில் சுமக்கோவ் குழுவினர் ஆராய்ந்து, அது இளம்பிள்ளைவாதமன்று, எண்டெரோவைரஸ் 71 என்று கண்டனர். 1978இல் ஹங்கேரியிலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அக்கிருமி பெருங்கேடு எதனையும் செய்யாமல் அங்குமிங்கும் சிறு பரவல்களாகவே தலைகாட்டியது. ஐரோப்பாவில் கற்ற பாடம் ஏடுகளில் உறங்கிற்று. அது ஆசியாவில் திரும்பி வந்தபோது மருத்துவ உலகம் ஏறக்குறைய முதலிலிருந்தே கற்கவேண்டியதாயிற்று.

1997ஆம் ஆண்டிலேயே நோய் தீபகற்ப மலேசியாவிற்கும் வந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் லூசி லம், நோய்க்கூற்றியல் அறிஞர் வோங் கும் தொங் முதலியோர், உயிரிழந்த நான்கு பிள்ளைகளின் நோயை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரைகள் சிபுவின் புதிருக்கு வலுவான விடை தந்தன. முகுளத்திலும் தண்டுவடத்திலும் கடும் அழற்சி. நரம்பு மண்டலத்திலேயே கிருமி. நுரையீரலில் கோத்த நீரோ நரம்புவழி வந்தது என்பது அவர்களின் முடிபு. சிபுவில் சில பிள்ளைகளிடம் அடினோவைரஸ் என்னும் வேறொரு கிருமியும் காணப்பட்டது. மேரி ஜேன் கார்டோசா தலைமையிலான குழுவினர் 1999இல் அதனை வெளியிட்டனர். அந்த இரண்டாவது கிருமிக்கும் மரணங்களில் பங்கு உண்டா என்னும் வினா சிலகாலம் விவாதிக்கப்பட்டது. அறிவியலில் முதல் விடையே முழு விடையாக அமைவது அரிது.

தைவானில் நோய் பெருந்தீயாகப் பரவியது 1998இல். அங்குள்ள கண்காணிப்பு மருத்துவர்கள் மட்டும் பதிவு செய்த நோயாளர் தொகை 129,106. கடும் நோயுற்றோர் 405, இறந்தோர் 78. இறந்தோருள் 71 பேர் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உடையோர். 65 பேருக்கு நுரையீரலில் நீரோ குருதியோ கோத்திருந்தது. எண்களைப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எளிதில் நலம் பெற்றனர். ஆயிரத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டி அறிவதே மருத்துவத்தின் சிக்கலாக இருந்தது. அனைவரையும் மருத்துவமனையில் சேர்க்க எந்த நாட்டிலும் கட்டில்கள் இல்லை.

அந்த அறிவைத் தேடிச் சென்ற ஆய்வுகளுள் தைனான் நகரின் குழந்தை மருத்துவர்கள் 1999இல் வெளியிட்டது தனிச்சிறப்புடையது. எண்டெரோவைரஸ் 71 உறுதிசெய்யப்பட்டு, நரம்பு மண்டலம் தாக்குண்ட 41 பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். 37 பேருக்கு மூளைத்தண்டு அழற்சி இருந்தது. ஏழு பேருக்குக் கொப்புளமோ வாய்ப்புண்ணோ சிறிதும் இல்லை. காந்தவலைப் படம் எடுக்கப்பட்ட 24 பேருள் 17 பேரின் மூளைத்தண்டில் வெண்ணிறத் தழும்புகள்போல் நோயின் இடம் தெளிவாகத் தெரிந்தது. உயிரோடிருக்கும் பிள்ளையின் மூளையில், எரியும் இடத்தை அறுக்காமலே காண முடிந்தது; சரவாக்கில் இரண்டே இரண்டு மூளைத்தண்டுகளைக் கொண்டு ஊகித்தது இங்கே கண்முன் நின்றது.

அவர்கள் கண்ட மற்றொன்று அதனினும் பயனுடையது. நோயின் தொடக்கத்தில் மிகுதியாகக் காணப்பட்ட குறி, உடல் திடீரென்று வெட்டி இழுப்பது. மூவரில் இருவரிடம் அது இருந்தது. பிள்ளை உறங்கத் தொடங்கும்போதோ உறங்கிக்கொண்டிருக்கும்போதோ, யாரோ தொட்டு எழுப்பியதுபோல் கைகால்கள் ஒருமுறை துள்ளி அடங்கும். மீண்டும் சிறிது நேரத்தில் துள்ளும். எல்லாக் குழந்தைகளும் எப்போதாவது உறக்கத்தில் திடுக்கிடுவதுண்டு. கனவு கண்டிருப்பான், பயந்திருப்பாள் என்று தாய் நெற்றியில் கைவைத்துத் தட்டி உறங்கவைப்பாள். இந்நோயில் அத்துள்ளல் அடிக்கடி வரும். மூளைத்தண்டில் அழற்சி தொட்டுவிட்டது என்பதன் முதற்குரல் அது. அந்நிலையில் நின்றுவிட்டோர் 20 பேர். கைநடுக்கமும் தள்ளாட்டமும் அவர்களிடம் காணப்பட்டன. பத்துப்பேருக்கு மேலும் முற்றி, முகத்தையும் கண்ணையும் ஆளும் நரம்புகள் தாக்குண்டன. எஞ்சிய ஏழு பேர் மூன்றாம் நிலைக்குச் சென்றனர். மூச்சுத் திணறி, உடல் நீலம்பாரித்து, நினைவிழந்தனர். அவர்களுள் ஐவர் மருத்துவமனையில் சேர்ந்த 12 மணி நேரத்திற்குள் இறந்தனர்.

மூன்றாம் நிலையில் உடலுக்குள் நிகழ்வது என்ன? முகுளத்தில் இரத்த அழுத்தத்தை அளந்து, மிகுந்தால் அடக்கும் நரம்பணுக்கள் உள்ளன. கிருமி அவற்றை அழிக்கும்போது கடிவாளம் அறுகிறது. பரிவு நரம்புகள் கட்டுக்கடங்காமல் பாய்கின்றன. அட்ரினலினும் அதன் இனத்துச் சுரப்புகளும் இரத்தத்தில் வெள்ளமாகப் பெருகுகின்றன. நாடி, காய்ச்சலின் அளவுக்குப் பொருந்தாத விரைவில் ஓடுகிறது. பிள்ளை குளிர்ந்த வியர்வையில் நனைகிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் இறுகுவதால் உள்ளங்கை குளிர்ந்து, தோல் புள்ளிபுள்ளியாக நிறம் மாறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடலின் எல்லைகளிலிருந்து தள்ளப்பட்ட இரத்தம் நுரையீரலை நோக்கி விரைகிறது. அங்குள்ள மெல்லிய நாளங்கள் அழுத்தம் தாளாமல் கசிகின்றன. இளஞ்சிவப்பு நுரை மூச்சுக்குழலில் பொங்குகிறது. அட்ரினலின் வெள்ளம் இதயத்தசையையும் மரத்துப்போகச் செய்வதால், சிறிது நேரம் அளவுக்குமீறி உழைத்த இதயம் திடீரென்று சோர்கிறது. ஏறியிருந்த அழுத்தம் சரிகிறது. சிபுவில் ஒலியலைக் கருவி கண்ட சோர்ந்த இதயம் இந்தக் கடைசிக் காட்சியே. அதற்கு முந்தைய காட்சிகள் நிகழ்ந்தபோது பிள்ளை வீட்டிலோ வழியிலோ இருந்தது.

இந்த விளக்கம் ஒரே நாளில் முழுமை பெற்றதன்று. நுரையீரலில் நீர் கோப்பதற்கு நரம்புப் புயல் மட்டுமே காரணமா, உடலின் எதிர்ப்பாற்றலே அளவு மீறிச் சுரக்கும் அழற்சிப் பொருள்களும் நாளங்களைப் பழுதாக்குகின்றனவா என்பது குறித்துத் தைவான் ஆய்வாளர்கள் பல கட்டுரைகள் எழுதினர். இரண்டிற்கும் பங்குண்டு என்ற கருத்தே வலுப்பெற்றது. சிங்கப்பூரில் கிடைத்த சான்று இதயத்தை முழுவதும் விடுவிக்கவுமில்லை. அங்கு 2000ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 3,790 பேருக்கு இந்நோய் கண்டது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் பாலர் பள்ளிகளும் நாடெங்கும் மூடப்பட்டன. ஓடிவிளையாடும் பிள்ளைகளின் ஒலியின்றி அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்கள் வெறிச்சோடிய நாள்கள் அவை. இந்நோயுற்ற மூவரும், இந்நோயின் அடையாளமின்றிக் கிருமியால் தாக்குண்ட இருவரும் இறந்தனர். உடற்கூறாய்வு செய்யப்பட்ட நால்வரிடமும் மூளையழற்சியோடு இதயத்தசை அழற்சியும் காணப்பட்டது. சரவாக்கின் பத்து இதயங்கள் சொன்னதை மட்டும் கொண்டு எல்லா இடத்திற்கும் தீர்ப்பு எழுதலாகாது என்பதற்கு இது சான்று.

கிருமி மூளைத்தண்டை அடையும் வழியைப் பற்றியும் கோலாலம்பூர் நோய்க்கூற்றியலார் தொடர்ந்து ஆராய்ந்தனர். உடற்கூறாய்வில் கிடைத்த நரம்புத் திசுக்களைப் பகுதி பகுதியாக ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அழற்சி மூளையெங்கும் சிதறாமல் தண்டுவடம், மூளைத்தண்டு, ஹைப்போதலாமஸ் என்று குறிப்பிட்ட இடங்களிலேயே அமைந்திருப்பதைக் காட்டிற்று. இரத்தத்தோடு கலந்து பரவியிருந்தால் இத்தகைய ஒழுங்கு இராது. தசையிலிருந்து நரம்பிழைகளின்வழி ஏணிப்படிபோல் ஏறிச் செல்கிறது என்பதே பொருந்தும் விளக்கம். இளம்பிள்ளைவாதக் கிருமியும் அவ்வழியில் செல்லக்கூடியதே. இரண்டும் ஒரே குடும்பம்.

அறிவு வந்தபின் மருத்துவம் மாறியது. தைவான் மருத்துவர்கள் நோயை நிலைநிலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஏற்றவாறு சிகிச்சை செய்யும் முறையை வகுத்தனர். புயல் மூண்டுவிட்ட பிள்ளைக்கு நீர் ஏற்றுவதில் கட்டுப்பாடு, மூச்சு முற்றும் திணறும்வரை காத்திராமல் முன்கூட்டியே குழாய் செலுத்திச் செயற்கை மூச்சு, எதிர்ப்பொருள்கள் செறிந்த இம்யூனோகுளோபுலின் என்று முறைகள் வகுக்கப்பட்டன. அட்ரினலினையொத்த மருந்துகளைப் பெருமளவில் கொடுப்பது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும் என்று கருதி, இதயத்திற்கு வலுவூட்டும் அதேவேளையில் குழாய்களைத் தளர்த்தும் மில்ரினோன் என்னும் மருந்தைப் பயன்படுத்திய அனுபவத்தைத் தைனான் மருத்துவர்கள் 2005இல் வெளியிட்டனர். வியட்நாமின் ஹோ சி மின் நகரில், தைவான் மருத்துவர்களோடு இணைந்து, 41 பிள்ளைகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 19 பேருள் 11 பேர் ஒரு வாரத்திற்குள் இறந்தனர். மில்ரினோன் பெற்ற 22 பேருள் இறந்தோர் நால்வர். ஆய்வு சிறியதே. ஆயினும் கையில் ஒன்றுமின்றி நின்ற மருத்துவருக்கு அது பிடித்து நடக்க ஒரு கோலாயிற்று.

பிழைத்த பிள்ளைகளின் வாழ்க்கை வேறு. இறப்பு எண்ணிக்கை குறைந்தது என்று எழுதும் ஏடுகள் அதோடு நிறுத்திக்கொள்வதுண்டு. தைவானின் சாங் லுவான் இன் முதலியோர் அவ்வாறு நிறுத்தவில்லை. நரம்பு மண்டலம் தாக்குண்டு பிழைத்த 142 பிள்ளைகளைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைத்துச் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். மூளையுறை அழற்சியோடு நின்ற பிள்ளைகள் பெரும்பாலும் நலமாகவே இருந்தனர். இதயமும் மூச்சும் தோற்றுப் பின் மீட்கப்பட்டோர் 28 பேர். அவர்களுள் 18 பேரின் கைகால்கள் வலுவிழந்து சூம்பியிருந்தன. 17 பேருக்குக் குழாய்வழி உணவு வேண்டியிருந்தது. 16 பேருக்கு மூச்சுக் கருவியின் துணை வேண்டியிருந்தது. உயிரைக் காத்த மருத்துவம், காத்த உயிரைச் சுமக்கும் பொறுப்பைப் பெற்றோரின் தோளில் வைத்துச் சென்றது. மூன்றாம் நிலைக்குச் சென்றபின் மீட்பதைவிட அந்நிலைக்குச் செல்லாமல் தடுப்பதே தேவை என்பதற்கு இந்த எண்களைவிட வலுவான வாதம் வேறில்லை.

அந்த வாதத்தை ஏற்றுக்கொண்ட இடங்களில் சரவாக்கும் ஒன்று. 1997இன் துயருக்குப்பின் அங்கு அமைக்கப்பட்ட கண்காணிப்பு முறையால், கிருமி ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது தெரிந்தது; 2000, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் பரவியது. அப்பரவல்களில் சிபு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை ஆராய்ந்த ஊய் மோங் ஹவ் குழுவினர் 2009இல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டனர். காய்ச்சல் மூன்று நாளும் அதற்கு மேலும் நீடித்தல், அதன் உச்சம் 38.5 பாகை செல்சியசை எட்டுதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல். இம்மூன்றும் நரம்பு மண்டலம் தாக்குண்டிருக்கக்கூடும் என்பதன் முன்னறிகுறிகள். வெப்பமானியும் கூர்ந்த கண்ணும் இருந்தால் ஆற்றோரக் கிராமத்துச் சிற்றூர் மருந்தகத் தாதியும் பயன்படுத்தத் தக்க அளவுகோல் அது. காந்தவலைப் படமெடுக்கும் கருவி எந்த நீண்டவீட்டிற்கும் செல்லாது.

அறிவு ஓரிடத்தில் இருப்பதால் மட்டும் பயன் எங்கும் சேர்ந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டு கம்போடியாவில் மூளையழற்சியும் மூச்சுத் திணறலும் கண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தபோது, இன்னதென்று தெரியாத மர்ம நோய் என்றே உலகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வில் பெரும்பாலோரிடம் கண்டது அதே எண்டெரோவைரஸ் 71. சிபுவிலிருந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

நோய் பெரிதும் பரவிய சீனாவில் தடுப்பூசி உருவாயிற்று. மூன்று நிறுவனங்கள் தனித்தனியே ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்து, எண்டெரோவைரஸ் 71 உண்டாக்கும் நோயை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் தடுக்கக் கண்டன. 2015ஆம் ஆண்டு இறுதிமுதல் அங்கு அது வழங்க இசைவு பெற்றது. அதே கொப்புளங்களை உண்டாக்கும் காக்சாக்கி ஏ16 முதலிய பிற கிருமிகளை அது தடுக்காது. ஆகவே ஊசி போட்ட பிள்ளைக்கும் கைகால் வாய்ப்புண் வரும். கொல்லும் வகை மட்டும் பெரும்பாலும் வராது. ஊசி போட்டும் புண் வந்ததே என்று வியக்கும் பெற்றோருக்கு இவ்வேறுபாட்டை விளக்குவது மருத்துவருக்கு எளிதாக இருப்பதில்லை.

தைவான் அரசு 1998க்குப்பின் பெற்றோருக்கும் பாலர் பள்ளி ஆசிரியர்க்கும் நான்கு அறிகுறிகளைக் கற்பித்து வருகிறது. சோர்ந்து நினைவு மங்குதலும் கைகால் தளர்தலும் ஒன்று. உறக்கத்தில் உடல் வெட்டித் திடுக்கிடல் ஒன்று. ஓயாத வாந்தி ஒன்று. மூச்சோ நாடியோ விரைதல் ஒன்று. இவற்றுள் ஒன்று கண்டாலும் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லல் வேண்டும். நோயின் நடுவே முதல் ஏழு நாள்கள் இவற்றைக் கவனிக்குமாறு அறிவுறுத்துகின்றனர். கொப்புளங்களை எண்ணிப் பார்த்து நோயின் கடுமையை அளக்கும் பழக்கம் மறைந்தது. இன்று காய்ச்சலுற்ற பிள்ளையைத் தூக்கிவரும் தாயிடம் அங்குள்ள மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் நேற்றிரவு பிள்ளை எவ்வாறு உறங்கியது என்பதும் ஒன்று.